அசையாத கல்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்
சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்: வலது யூரேட்டரின் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாய்) கீழ்ப்பகுதியில் 5 மி.மீ. கல், சிறுநீரகத்தில் லேசான வீக்கம். காய்ச்சல் இல்லை, சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினும் சரி. ஆகவே காத்திருக்கலாம் என்று முடிவு.
யூரேட்டரின் உள்விட்டம் 3, 4 மி.மீ.தான். 4 மி.மீ.க்குள் இருக்கும் கற்கள் பெரும்பாலும் தானாக வந்துவிடும். 5-ஐத் தாண்டினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இந்த அளவுக்குச் சராசரியாக மூன்று வாரம் பிடிக்கும், ஆறு வாரம் இழுப்பதும் உண்டு. காலண்டரில் ஏப்ரல் 14-ஐ வட்டமிட்டாயிற்று. கெடு இல்லாமல் காத்திருக்கவே கூடாது.

மார்ச் 4
கல் குத்துவதால்தான் வலி என்று நினைக்கிறோம். பெருமளவு வலி, கல்லுக்கு மேலே சிறுநீர் தேங்கி, குழாயும் சிறுநீரகத்தின் உறையும் விண்ணென்று இழுபடுவதால் வருவது. டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை அந்த அழுத்தத்தையே குறைக்கிறது, அதனால்தான் அதற்கு முதலிடம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தானாக வாங்கிப் போடக் கூடாது.
வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கல் தள்ளிக்கொண்டு வராது. அழுத்தம் கூடும், வாந்திதான் மிஞ்சும். அந்த நேரத்தில் தாகத்துக்குக் குடித்தால் போதும். தினம் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும்படி குடிப்பது அடுத்த கல் வராமலிருக்க.

மார்ச் 9
டாம்சுலோசின் 0.4 மி.கி., இரவில் ஒன்று. யூரேட்டரின் தசையைத் தளர்த்தும். 5 மி.மீ.யும் அதற்கு மேலும், கீழ்ப்பகுதியில் நிற்கும் கல்லுக்குத்தான் பலன் தெரியும், சின்னக் கல்லுக்குப் பெரிதாக உதவாது. ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம், படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். ஆண்களுக்கு விந்து வெளிவருவது குறையலாம், நிறுத்தினால் சரியாகிவிடும். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் கண் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மார்ச் 16
நான்கு நாளாக வலியே இல்லை. கல்லைப் பிடிக்கச் சிறுநீரை வடிக்கும் வடிகட்டியிலும் ஒன்றும் விழவில்லை.
ஏமாந்துபோவது இங்கேதான். அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் சிறுநீர் உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிகிறது, வலியும் போகிறது. கல் மட்டும் அதே இடத்தில். சத்தமில்லாமல் வாரக்கணக்கில் அடைத்திருந்தால் சிறுநீரகத்தின் செயல்திறன் நிரந்தரமாகக் குறையலாம். கல்லைக் கண்ணால் பார்க்காதவரை அது உள்ளே இருக்கிறது என்றே கணக்கு.
இன்று மறு ஸ்கேன். அல்ட்ராசவுண்டில் வீக்கம் நன்றாகத் தெரியும், நடு யூரேட்டரில் உள்ள கல் தப்பிவிடும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வாசலருகே நிற்கும் கல் தெரியும், அதனால் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் விழாது. படத்தில் இல்லையென்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

மார்ச் 23
அரை மணிக்கொரு முறை முட்டுகிறது, போனால் நாலு சொட்டு. சிறுநீர்த் தொற்று என்று நினைக்க வைக்கும் அறிகுறி. கல் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நுழைந்தாலும் இப்படித்தான் இருக்கும். பாதையிலேயே மிகக் குறுகிய இடம் அது. இரண்டில் எது என்பதைச் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லும்.
காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ நள்ளிரவானாலும் உடனே கிளம்ப வேண்டும். அடைத்த சிறுநீரகத்தில் தொற்று என்றால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. யூரேட்டருக்குள் ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாய் வைத்தோ முதுகு வழியே குழாய் போட்டோ வடித்தாக வேண்டும். சிறுநீரே வராவிட்டாலும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டாலும், இருப்பதே ஒரு சிறுநீரகம் என்றாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மார்ச் 29
காலை முதல் சிறுநீர் கழிக்கையில் வடிகட்டியில் டிக் என்று ஒரு சத்தம். பழுப்பு நிறம், எள்ளைவிடச் சற்றுப் பெரிது, ஒரு பக்கம் மழமழப்பு, மறுபக்கம் முள்முள்ளாக.
கழுவி, காகிதத்தில் உலரவைத்து, ஈரமில்லாத சின்ன டப்பாவில் போட வேண்டும். டேப்பில் ஒட்டினால் பசை சேர்ந்து பரிசோதனை முடிவு குழம்பும். கல் எந்த வகை என்று தெரிந்தால்தான் அடுத்ததைத் தடுக்க முடியும்: யூரிக் அமிலக் கல்லைச் சிட்ரேட் மருந்தால் கரைக்கலாம், கால்சியம் ஆக்சலேட்டைக் கரைக்க மருந்து கிடையாது.
டாம்சுலோசின் நிறுத்தம். வீக்கம் வடிந்ததா என்று பார்க்க இன்னும் ஒரு ஸ்கேன் பாக்கி.