டிரைவரில் ஸ்லைஸ்: பிளாட்ஸ்ரைஃப தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

ஜெர்மனியில் கோல்ஃப் ஆட ஆசைப்படுகிறவர்கள் முதலில் தாண்ட வேண்டியது பிளாட்ஸ்ரைஃப என்ற தேர்வு. அது கையில் இல்லாவிட்டால் பெரும்பாலான 18 குழி மைதானங்களில் இறங்க விடமாட்டார்கள். விதிகளும் மைதான ஒழுங்கும் பற்றி ஒரு எழுத்துத் தேர்வு, அப்புறம் மைதானத்தில் ஆடிக் காட்ட வேண்டும். எழுத்துத் தேர்வு உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். ஆடிக் காட்டும் இடத்தில்தான் பலரும் திணறுகிறார்கள். குறிப்பாக, டிரைவர் என்ற நீளமான மட்டையை எடுத்தாலே பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகிறவர்கள். நானும் ஸ்லைஸ் என்கிற அந்த வளைவோடுதான் பயிற்சியைத் தொடங்கினேன், அதைச் சரிசெய்துகொண்டு தேர்வை முடித்தேன். எது உதவியது, எந்த வரிசையில் செய்தால் நேரம் மிச்சம் என்பதை இங்கே எழுதுகிறேன். எல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கான கணக்கு. இடக்கைக்காரர்கள் திசையை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் புள்ளிக் கணக்கு. பல கோல்ஃப் மன்றங்களில் 9 குழி ஆடவைத்து, அதில் நன்றாக வந்த 6 குழிகளில் 12 ஸ்டேபிள்ஃபோர்டு புள்ளி (ஒவ்வொரு குழியிலும் அடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கிடைக்கும் புள்ளி) எடுத்தால் தேர்ச்சி என்கிறார்கள். ஹேண்டிகேப் (18 குழிக்கும் சேர்த்துத் தரும் சலுகை அடிகள்) 54 என்று வைத்துக் கணக்கிடுவதால் குழிக்கு 3 அடி (ஷாட்) கூடுதலாகக் கிடைக்கும். பார் 4 குழியை, அதாவது 4 அடியில் முடிக்க வேண்டிய குழியை, 7 அடியில் முடித்தாலே 2 புள்ளி. கேட்கும்போது தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் டீயிலிருந்து (குழியின் தொடக்க இடம்) அடித்த பந்து வளைந்து எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பங்களைத் தாண்டிவிட்டால், அந்த அடி ஒன்று, தண்டனை ஒன்று, திரும்ப டீயிலிருந்து அடிப்பது மூன்றாவது. மீதி 4 அடிக்குள் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) போய்ப் பந்தைக் குழியில் போட வேண்டும். ஒரே ஸ்லைஸில் அந்தத் தாராளம் காணாமல் போய்விடும்.

ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) நின்றால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தலையைத் தூக்காதே, மெதுவாக அடி, இடக்கையை மடக்காதே. இவற்றில் எதுவும் ஸ்லைஸின் காரணத்தைத் தொடுவதில்லை. அடிபடும் அந்த நொடியில், கிளப் (அடிக்கும் மட்டை) எந்தப் பாதையில் போகிறதோ அந்தப் பாதையைவிட கிளப் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, வலப்பக்கம் திறந்திருக்கிறது. பந்து சுழலும் அச்சு அதனால் வலப்பக்கம் சாய்கிறது, பந்தும் வலப்பக்கம் வளைகிறது. ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: முகம் எங்கே பார்க்கிறது, பாதை எங்கே போகிறது.

இந்த இரண்டையும் பந்தே காட்டிக்கொடுக்கும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. டிரைவரில் அந்தப் பங்கு ஏறத்தாழ 85 சதவீதம் என்பார்கள். பாதைதான் கிளம்பும் திசையைத் தீர்மானிக்கிறது என்று முன்பெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்த பிறகு அந்தப் பாடம் மாறிவிட்டது. பழைய பாடத்தை இன்னும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், முகமே இலக்குக்கு இடப்பக்கம்தான் பார்க்கிறது, பாதை அதைவிட அதிகமாக இடப்பக்கம் வெட்டுகிறது. அங்கே திருத்த வேண்டியது பாதை. பந்து கிளம்பும்போதே வலப்பக்கம் போய் மேலும் வலப்பக்கம் வளைந்தால், முதலில் முகத்தைக் கவனியுங்கள். இலக்கை நோக்கி நேராகக் கிளம்பி வளைந்தால் முகம் சரி, பாதை மட்டும் வெட்டுகிறது. ஒரு வாளி பந்தை வேறெதையும் மாற்றாமல், கிளம்பும் திசையை மட்டும் பார்த்து அடித்துவிடுங்கள். எனக்கு அந்த ஒரு பயிற்சி, கேட்ட எல்லா யோசனைகளையும்விட அதிகம் சொல்லிக்கொடுத்தது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும், பந்து முகத்தின் எந்த இடத்தில் படுகிறது என்று. மருந்துக்கடையில் கால்களுக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே கிடைக்கும். அதை டிரைவரின் முகத்தில் மெல்லிய வெள்ளைப் படலமாக அடித்துவிட்டு ஆடினால், பந்து பட்ட இடம் பொட்டு வைத்தாற்போல் தெளிவாகத் தெரியும். பந்தின் சின்னக் குழிகள்கூடப் பதிந்திருக்கும். அந்தப் பொட்டு ஷாஃப்டை (மட்டையின் தண்டை) ஒட்டிய பக்கமாகவே விழுந்துகொண்டிருந்தால், அதுவே பந்துக்கு ஸ்லைஸ் சுழற்சியைக் கூட்டும். நடுவுக்கு வராமல் ஸ்விங்கை (மட்டை வீச்சை) அலசுவதில் பயனில்லை. பந்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி நின்று பாருங்கள், எடை முன்னால் கால்விரல்களுக்கு ஓடாமல் பாருங்கள். பலருக்கு இதிலேயே பொட்டு நடுவுக்கு வந்துவிடும்.

முகம் திறந்திருப்பவர்களுக்கு மருந்து க்ரிப், அதாவது மட்டையைப் பிடிக்கும் விதம். கிளப்பைப் பிடித்து நின்று கீழே குனிந்து பாருங்கள். இடக்கையில் ஒரே ஒரு விரல்முட்டிதான் தெரிகிறது என்றால் பிடி பலவீனம். இரண்டரை, மூன்று முட்டி தெரியும்வரை கையை வலப்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் கோடு வலத்தோளைப் பார்க்கட்டும். முதலில் கைக்கு அந்நியமாகத்தான் இருக்கும். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூடக் கிளப்பை எடுத்துப் பிடித்துப் பழகலாம். பிடியை இறுக்க வேண்டாம், முன்கை விறைத்தால் முகம் மூடுவதற்கே வழியில்லை.

பாதை விஷயம் கொஞ்சம் நுட்பமானது. டிரைவருக்குப் பந்தை இடக்கால் குதிங்காலுக்கு நேராக, முன்னால் வைக்கிறோம். பந்து அங்கே இருப்பதால், கிளப்பைக் கொண்டுபோய் அதன் பின்னால் வைக்கும்போதே வலத்தோள் முன்னால் வந்துவிடும். ஸ்விங் தொடங்கும் முன்பே தோள்கள் இலக்குக்கு இடப்பக்கம் திரும்பிவிட்டன. அங்கிருந்து அடித்தால் கிரிக்கெட்டில் கட் அடிப்பதுபோல வெளியிலிருந்து (உடம்புக்கு அப்பாலிருந்து) உள்ளே வெட்டத்தான் வரும். அயர்ன் (இரும்புத் தலை மட்டை) நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் வளைகிறது என்கிறவர்கள் முதலில் தோளைப் பாருங்கள். (அயர்னில் முகத்தின் சாய்வு அதிகம், பின்சுழற்சியும் அதிகம், அதனால் அதே தவறு அங்கே அவ்வளவாக வெளியே தெரியாது.) நின்ற பிறகு ஒரு குச்சியை மார்புக்குக் குறுக்கே வைத்து, அது இலக்குக் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்கலாம். வலத்தோளை இடத்தோளைவிடச் சற்றுத் தாழ்த்தினாலே தோள் வரிசை திரும்பி வந்துவிடும்.

அதற்கப்புறம் ஒரே ஒரு பயிற்சி போதும். டிரைவரின் தலை உறையைப் பந்துக்கு வெளிப்பக்கம், ஒரு சாண் பின்னால் வையுங்கள். வெளியிலிருந்து வெட்டினால் உறையில் படும். அதைத் தொடாமல் பாதி வேகத்தில் அடித்துப் பழகுங்கள். வலக்காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நின்றால் உள்ளிருந்து வருவது இன்னும் எளிது. பந்து வலப்பக்கம் கிளம்பி உள்ளே திரும்பினால் பாதை மாறிவிட்டது என்று அர்த்தம். முழு வேகத்துக்கு அவசரப்படாதீர்கள்.

வளைவதை எதிர்பார்த்து இடப்பக்கம் குறிவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். குறி இடப்பக்கம் போகப் போகப் பாதையும் இடப்பக்கம் போகும், வளைவு கூடும். புது டிரைவர் வாங்குவதும் அவசரமில்லை. ஷாஃப்டை ஒட்டிய பக்கம் எடை வைத்த டிரைவர்களும், சாய்வைக் கூட்டிக்கொள்ளும் வசதியும் கொஞ்சம் உதவும்தான். 9 டிகிரியைவிட 12 டிகிரி தொடக்கக்காரருக்கு நல்லது. ஆனால் முகமும் பாதையும் மாறாமல் கடையில் தீர்வு கிடைக்காது.

தேர்வு நாளுக்கு: டீயில் டிரைவர்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வலப்பக்கம் வெள்ளைக் கம்பம் நெருக்கமாக இருக்கும் குழியில் 7 அயர்னால் நேராக அடித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம், தேர்வு நடத்துகிறவரும் அதை மதிப்பார். அகலமான ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள புல்வெளியில்) டிரைவரை எடுங்கள். பந்து வெளியே போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், தேடப் போகும் முன்பே ‘புரவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொரு பந்தை அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அந்தப் பந்தே ஆட்டத்தில் இருக்கும் பந்தாகிவிடும், முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை. தேட 3 நிமிடம்தான், 2019-க்கு முந்தைய புத்தகங்களில் 5 நிமிடம் என்று இருக்கும். எழுத்துத் தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் இடமும் இதுதான்.