பேசாத ஏழு நாட்கள்

பிப்ரவரி 3

ஒரு வாரத்துக்கு ஒரு சொல்லும் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார். குரல்நாணில் இருந்து எடுத்த சிறு சதையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டான புளூஸைப் பாடிய ஆல்பர்ட்டா ஹண்டரின் பழைய பதிவுகளைத் தவிர வேறு எதையும் கேட்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 4

‘டவுன்ஹார்ட்டட் புளூஸ்’ பாட்டை இன்று பதினொரு முறை கேட்டேன். பியானோ வாசித்த லவி ஆஸ்டினோடு சேர்ந்து ஆல்பர்ட்டா உருவாக்கி, 1922-இல் பாரமவுண்ட் இசைத்தட்டுக்காகப் பாடியது. ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மைக் வராத காலம் அது. பெரிய புனல் ஒன்றின் வாய்க்கு நேரே நின்று பாட வேண்டும், அந்தக் குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். அப்படியானால் நான் கேட்டுக்கொண்டிருப்பது அவருடைய மூச்சே தள்ளி எழுதிய கோட்டைத்தான். மறு ஆண்டு பெஸ்ஸி ஸ்மித் இதே பாட்டைப் பாடி, அந்தத் தட்டு லட்சக்கணக்கில் விற்றதால், பலரும் இதை பெஸ்ஸியின் பாட்டென்றே நினைக்கிறார்கள். பெஸ்ஸியின் துயரம் நம்மை அப்படியே விழுங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அழுகைக்கு நடுவே கணக்குப் பார்க்கும் ஆல்பர்ட்டாவின் குறும்புதான் எனக்கு வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 5

முடிவு வரவில்லை.

பிப்ரவரி 6

தண்ணீர் விழுங்கினாலும் வலிக்கிறது. அக்கா சமையலறையிலிருந்து கூப்பிட்டபோது வாய் தானாகத் திறந்துவிட்டது. நல்ல வேளையாகச் சத்தம் வருவதற்குள் மூடிக்கொண்டு, கரண்டியால் தட்டைத் தட்டினேன்.

1895-இல் மெம்பிஸில் பிறந்து, சிறுமியாகவே சிகாகோவுக்குப் போய், மட்டமான விடுதிகளில் தொடங்கி பேர்பெற்ற ட்ரீம்லேண்ட் அரங்கு வரை பாடி உயர்ந்த ஆல்பர்ட்டா, எத்தனை முறை தன்னை மறைத்திருக்கிறார்! பாரமவுண்டோடு ஒப்பந்தம் இருந்ததால், 1924-இல் ஜாஸ் இசைக் கலைஞர்கள் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் சிட்னி பெஷேயும் வாசிக்க ஜெனட் என்ற வேறொரு இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடியபோது, ஜோசஃபின் பீட்டி என்ற தன் தங்கையின் பெயரைத் தட்டில் போட்டுக்கொண்டார். 1928-இல் லண்டனில் பாடகரும் நடிகருமான பால் ராப்சனோடு ஒரே மேடையில் நடித்துப் பாடியவர், 1950-களில் தாய் இறந்ததும் பாட்டை விட்டு, வயதில் பன்னிரண்டைக் குறைத்துச் சொல்லி, செவிலியர் வேலைக்குப் படித்தார். பெயரையும் வயதையும் மாற்றிச் சொல்லிவிடலாம். பாடாத குரலை எங்கே வைத்திருந்தார்?

பிப்ரவரி 7

ரோப் காரில் ஏறி நியூயார்க் ஆற்றின் நடுவே இருக்கும் ரூஸ்வெல்ட் தீவுக்குப் போய்வந்தேன். அவர் வேலை பார்த்த கோல்டுவாட்டர் மருத்துவமனையை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஆற்றுக் காற்று தொண்டைக்கு ஆகாது என்று தெரிந்தும், கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். இருபது ஆண்டுகள் இங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. இரவுப் பணியில், எல்லோரும் உறங்கிய பிறகு, ஒரு முறையாவது முணுமுணுத்திருக்க மாட்டாரா?

பிப்ரவரி 8

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். 1961-இல், செவிலியராக இருக்கும்போதே, அவர் இரண்டு இசைத்தட்டுகளுக்குப் பாடியிருக்கிறார். அதில் ஒன்றில் அதே லவி ஆஸ்டின் பியானோ வாசிக்கிறார். இது எனக்கு முன்பே தெரியும். இருபது ஆண்டு மௌனம் என்று நினைத்துக்கொள்வது இந்த வாரம் எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

எழுபது வயதாகிவிட்டது என்று எண்ணி 1977-இல் மருத்துவமனை அவருக்கு ஓய்வு கொடுத்தபோது, உண்மையான வயது எண்பத்திரண்டு. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் இருந்த குக்கரி உணவகத்தில், காதில் பெரிய வளையங்களோடு, மறுபடி பாட ஏறினார். அந்தக் காலத்துப் பதிவை இரவு கேட்டேன். குரல் தடித்திருக்கிறது, ஓரங்களில் கரகரக்கிறது, மேலே போக வேண்டிய இடத்தில் போகாமல் பேசிக் கடந்துவிடுகிறார். 1922-இன் குறும்பு மட்டும் அப்படியே இருக்கிறது. 1984 அக்டோபரில் இறக்கும்போது அவருக்கு எண்பத்தொன்பது வயது.

அக்கா கதவைத் தட்டி விளக்கை அணைக்கச் சொன்னாள்.

பிப்ரவரி 9

மணி எட்டே முக்கால். தொலைபேசி அடிக்கிறது, மருத்துவமனை எண். அக்கா குளித்துக்கொண்டிருக்கிறாள்.