மசுன்தே நாட்குறிப்பு, அக்டோபர் – நவம்பர் 2024

அக்டோபர் 8, செவ்வாய்

மழை இன்னும் விட்டபாடில்லை. மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையில் இருக்கிற சின்ன ஊர் இந்த மசுன்தே. மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை இங்கே மழைக்காலம். போகிற மழைதான் பலமாக அடித்துவிட்டுப் போகும் என்கிறார் வீட்டுக்காரம்மா. நேற்று இரவு தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் செந்நீர்.

இவ்வளவு மழை பெய்தும் குடிக்கிற தண்ணீர் காசுக்குத்தான். குளிக்க, துவைக்கக் கிணற்று நீர். குடிக்க, சமைக்க இருபது லிட்டர் கேன். "ஆகுவா" என்று கடைசி எழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டு கேன் வண்டி வரும். இன்று சேற்றில் ஏற முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் ஆளுக்கொரு கேனைத் தோளில் வைத்து மேட்டு வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய் வைத்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

ஏழரைக்குத் தொர்த்தீயா கடை. மக்காச்சோள மாவு இயந்திரத்தில் வட்டமாக வெந்து வருவதை எடைபோட்டுக் கிலோ கணக்கில் தருகிறார்கள். சுற்றிக்கொண்டு வர வீட்டிலிருந்து துணி எடுத்துப் போகவேண்டும். வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில் ஊர்ச் செய்தி முழுக்கக் காதில் விழுந்துவிடும்.

அக்டோபர் 12, சனி

காலையில் கடற்கரைச் சாலையிலேயே கிழக்கே நடந்து சான் அகுஸ்தினீயோ போனேன். அடுத்த ஊர்தான், ஆனால் படகுகள் கரையேறுவதை அங்கேதான் பார்க்கவேண்டும். கண்ணாடியிழைப் படகு அலைக்கு வெளியே சற்று நின்று பார்க்கும். நல்ல அலை எழுந்ததும் மோட்டாரை முழு வேகத்தில் முடுக்கி அதன் முதுகிலேயே ஏறிவந்து, மணலில் பாதி தூரம் சறுக்கி நிற்கும். கடைசி நொடியில் மோட்டாரைத் தூக்கிவிட வேண்டும். கரையில் நிற்பவர்கள் அந்தப் பாதையை விட்டு ஒதுங்கத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். வெளியூர்க்காரர் யாராவது துண்டு விரித்துப் படுத்திருந்தால் குழந்தைகள் ஓடிப்போய் எழுப்பிவிடுகிறார்கள்.

இன்று நிறைய சூரை, கொஞ்சம் தொராதோ மீன். படகு நின்றதுமே பாதி மீன் உணவகங்களுக்குப் போய்விட்டது. மிச்சத்தைப் பெண்கள் அங்கேயே பலகை போட்டு வெட்டினார்கள். பெலிக்கன்கள் வரிசையாகக் காத்திருந்தன. அரைச் சூரை வாங்கி வந்து, எலுமிச்சை, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் செவிச்சே செய்தோம். வீட்டுக்காரம்மா தக்காளி போட விடமாட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

மாநிலத் தலைநகரான வஹாக்கா நகரத்திலிருந்து வந்த வண்டிகள் எங்கே பார்த்தாலும். இந்த பிப்ரவரியில் அங்கிருந்து இந்தக் கடற்கரையில் உள்ள புவெர்த்தோ எஸ்கொந்தீதோ நகருக்குப் புது நெடுஞ்சாலை திறந்தார்கள். மலை வளைவுகளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் குலுங்கி வந்த பயணம் மூன்று மணி நேரத்துக்குள் சுருங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பினால் இரவு கடலில் கால் நனைக்கலாம். சாப்பாட்டுக் கடைகளுக்கு நல்ல வியாபாரம், அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு குடும்பம் வாடகை கட்ட முடியாமல் சான் அந்தோனியோ சந்திப்புப் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போயிற்று. அந்த அம்மா இங்கேதான் சமையல் வேலை செய்கிறார். இனி தினமும் வண்டி பிடித்து வரவேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

எதிர்வீட்டுத் தாத்தாவோடு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர். இந்தக் கடற்கரை முழுதும் ஆமையை வைத்துத்தான் வாழ்ந்தது. அதை அவர் வாயால் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

சான் அகுஸ்தினீயோவில் ஆமை வெட்டும் கூடம் இருந்தது. 1960களில் வந்தது. படகுகள் பங்குனி ஆமைகளைக் குவித்துக் கொண்டுவரும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வெட்டுவார்கள். தோல் செருப்புக்கும் பைக்கும் வெளிநாடு போகும். இறைச்சி, எண்ணெய், முட்டை எல்லாமே காசு. தாத்தாவுக்குப் பதினாறு வயதில் அண்ணன் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "நாத்தம் ஊருக்கே அடிக்கும், ஆனா வீட்டுல சாப்பாடு இருந்துச்சு" என்றார்.

1990இல் சாலினாஸ் அதிபராக இருந்தபோது கடல் ஆமை பிடிப்பதை மெக்சிகோ முழுக்கத் தடைசெய்தார்கள். உலகத்தில் உள்ள ஏழு வகைக் கடல் ஆமைகளில் ஆறு முட்டையிடுகிற நாடு. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கரையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. தடை வேண்டியதுதான், தாத்தாவே அதை மறுக்கவில்லை. "ஆமையைக் காப்பாத்தினாங்க, சரி. மறுநாள் காலைல எங்க அடுப்புல என்ன வைக்கிறதுன்னு யாரும் சொல்லலை." அண்ணன் வடக்கே, அமெரிக்க எல்லை தாண்டி வேலைக்குப் போனார். பலர் போனார்கள். இருந்தவர்கள் சோளம் விதைத்தார்கள், காடு வெட்டினார்கள், இருட்டில் முட்டை தோண்டி விற்றவர்களும் உண்டு.

அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. மசுன்தேயில் ஆமை ஆய்வு மையம் வந்து சிலருக்கு வேலை கிடைத்தது. பெண்களும் ஆண்களுமாகச் சேர்ந்து கூட்டுறவாக இயற்கை அழகுப் பொருள் கூடம் தொடங்கினார்கள். தி பாடி ஷாப் என்ற பிரிட்டிஷ் அழகுப் பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய அனிதா ராடிக் அதற்கு உதவினார். தேங்காய், எள், தேன்மெழுகு வைத்துச் சோப்பும் எண்ணெயும் செய்கிறார்கள். மேற்கே லா வெந்தானீயாவில் முதலை இருக்கிற உப்பங்கழியில் ஊர்க்காரர்களே துடுப்புப் படகு விட்டுக் காட்டுகிறார்கள், அலையாத்திச் செடி வளர்த்து நடுகிறார்கள்.

விடுதிகளில் வந்து தங்குபவர்களுக்கு இந்தக் கதையை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: வெட்டினார்கள், மனம் மாறினார்கள், காக்கிறார்கள். மனம் மாறியதால் நடந்ததல்ல இது. பிழைப்புப் பறிபோய், பசி பார்த்து, பிள்ளைகளைத் தூர அனுப்பி, பல ஆண்டு கழித்து ஒவ்வொரு குடும்பமாகக் கட்டி எழுப்பியது. அந்த நடு ஆண்டுகளைச் சொல்லாமல் விடுவது இவர்களுக்குச் செய்கிற அநியாயம் என்றே நினைக்கிறேன்.

தாத்தா இப்போது வாரத்தில் சில இரவுகள் கடற்கரையில் நடக்கிறார். ஆமை ஏறிய தடம் இருந்தால் கூட்டைக் குறித்து வைத்துவிட்டு, ஆமை முட்டைகளைக் காக்கிற முகாம்காரர்களுக்குச் சொல்வார். மணலில் காலை வைத்தே கூடு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார். கற்றுக்கொடுத்தது அந்தப் பழைய தொழில்தான்.

அக்டோபர் 21, திங்கள்

குஞ்சு விடுவதைப் பார்த்தேன். செப்டம்பர் தொடக்கத்தில் புதைத்த கூடு. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பொரிந்துவிடுகிறது. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். கையில் எடுத்துத் தண்ணீரில் விடக்கூடாது, அதுவாக மணலில் நடந்து போகவேண்டும் என்று முகாம் பெண் கறாராகச் சொல்லிவிட்டார். விளக்கும் கூடாது. நண்டுக்கும் பறவைக்கும் தப்பி, கடலில் மீனுக்கும் தப்பி, பெரிதாகித் திரும்புவது மிகச் சிலதான். பெருங்கூட்டமாக ஏறுவது மேற்கே லா எஸ்கோபீயா கரையில். ஒரு பருவத்தில் பத்து லட்சம் கூடுகளுக்கு மேல் போன ஆண்டுகள் உண்டு. அந்தக் கரையைக் கடற்படை காவல் காக்கிறது, ஏனென்றால் முட்டைத் திருட்டு இன்னும் நின்றபாடில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

கிறிஸ்டி புயல் நேற்று மிகப் பலமான ஐந்தாம் வகைக்கு வளர்ந்ததாம். நல்லவேளை, கரையைத் தொடாமல் மேற்கே நடுக்கடலுக்குப் போய்விட்டது. ஆனாலும் வானிலைச் செய்தி ஓடுகிறபோது தொர்த்தீயா வரிசையில் ஒரு பேச்சில்லை. ஆளாளுக்குக் கைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள்.

காரணம் இருக்கிறது. 1997 அக்டோபரில் பவுலினா புயல் பக்கத்து ஊரான புவெர்த்தோ ஆன்ஹெல் அருகில்தான் ஏறியது. ஆமைத் தடைக்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கட்டியதை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. 2022 மே 30இல் அகத்தா புயல். கிழக்குப் பசிபிக் பக்கம் மே மாதத்தில் கரையேறியவற்றில், பதிவு தொடங்கிய 1949இலிருந்து அதுவே மிகப் பலமானது. வீட்டுக்காரம்மாவின் பனையோலைக் கூரை அன்றைக்குத்தான் போனது. அதனால்தான் இப்போது தகரம். ஓலை குளிர்ச்சி, தகரம் கொதிக்கிறது, ஆனாலும் மாற்றமாட்டார். கரண்ட் இல்லாமல், பாதை இல்லாமல் கிடந்த நாட்களில் ஒரே அடுப்பில் தெருவுக்கே சமைத்தோம் என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

பக்கத்து நகரமான பொச்சுத்லாவில் திங்கள்தான் சந்தை. அதுவும், இறந்தவர்கள் வீடு வந்து போவதாகப் படையல் வைக்கிற இறந்தோர் நாளுக்கு முந்தைய திங்கள்! காலை ஆறரைக்கே வீட்டுக்காரம்மாவும் நானும் கிளம்பிவிட்டோம். பின்னால் இரண்டு பக்கமும் பலகை போட்டு, மேலே தார்ப்பாய் கட்டிய சிறு வண்டிதான் இங்கே பேருந்து. ஏறியதும் எல்லோருக்கும் "புவேனோஸ் தியாஸ்" என்று காலை வணக்கம் சொல்லவேண்டும், எல்லோரும் பதில் சொல்வார்கள். கூடை, கோழி, எரிவாயு உருளை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் அதிலேயே.

சந்தை நடுவில் போய் நின்றபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. தெரு இரண்டு பக்கமும் செண்டுமல்லி. கட்டுக் கட்டாக, வேரோடும் வேரில்லாமலும், லாரியில் இன்னும் இறக்காமலும். நம் ஊர் மாலைக்கும் தோரணத்துக்கும் ஆகிற இந்தப் பூவின் பிறந்த மண் மெக்சிகோதான். இங்கே அது செம்பசூச்சில். கூடவே வெல்வெட் போல ஊதாச் சிவப்பில் கோழிக்கொண்டைப் பூ.

சாம்பிராணி போலப் புகைக்கிற கொப்பால் பிசினை விற்ற மலைக்கிராமப் பாட்டி, கரியில் ஒரு துளி போட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். அப்புறம் கரும்பு, வேர்க்கடலை, ஆரஞ்சு, சாக்லேட், சோள மாவை இலையில் பொதிந்து வேகவைக்கிற தமாலுக்கு வாழையிலை. அந்த நாளுக்கென்றே சுடுகிற ரொட்டியில், வஹாக்கா வழக்கப்படி, மாவில் செய்து வண்ணம் பூசிய சின்ன முகம் ஒன்றைப் பதித்துவிடுகிறார்கள். வீட்டுக்காரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, சிரித்த முகம் உள்ளதாகத் தேர்ந்தெடுத்தார். அவருடைய அம்மா சிரித்த முகக்காரராம்.

வங்கி வேலையும் இங்கேயே முடிக்கவேண்டும். அந்த வரிசையில் போனது ஒரு மணி நேரம். மதியத்துக்கு மெமேலா என்கிற தடித்த சோள அடை சாப்பிட்டுவிட்டு, மடியில் பூக்கட்டோடு திரும்பினோம்.

அக்டோபர் 31, வியாழன்

ஊரில் இன்று தீபாவளி. அம்மாவோடு பேசினேன். இங்கே கரும்பை வளைத்து வாசல் போலக் கட்டி, பூ சுற்றி, படையல் மேசை போடுகிற வேலை. பூவிதழை உதிர்த்துத் தெருவாசலிலிருந்து மேசை வரை பாதை போட்டது நான். இன்று முதலில் வருவது சிறு வயதிலேயே போன பிள்ளைகள். அவர்களுக்குப் பாலும் இனிப்பும். காரம் வைக்கமாட்டார்கள். நாளையிலிருந்து பெரியவர்கள்.

நவம்பர் 2, சனி

தாத்தா வீட்டுக்குத் தமால் கொண்டுபோனேன். மேசையில் அவர் மனைவியின் படம், மெஸ்கல் சாராயம் ஒரு கோப்பை, சிகரெட், காய்ந்த மீன். பக்கத்தில் சட்டமில்லாத கறுப்பு வெள்ளைப் படம்: வெட்டுக்கூடத்தின் முன்னால் ஏழெட்டு ஆண்கள், முட்டிவரை பூட்ஸ். நடுவில் அண்ணன். வடக்கேயே வேலை செய்து, அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கம்.

"இந்தப் படத்தை எடுத்துடுங்கன்னு பேத்தி சொல்றா. வெட்டுறவங்க படம் வீட்டுல எதுக்குன்னு கேக்குறா" என்றார். "நீங்க என்ன சொன்னீங்க தாத்தா?" "இவன் அனுப்பின காசுலதான் உங்க அப்பன் படிச்சான்னு சொன்னேன்."

பேத்தி ஆமை மையத்துக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிற பெண். அவள் கோபமும் நியாயமானதுதான். இன்று அந்தப் படத்துக்குக் கீழே விளக்கேற்றியது அவளேதான்.

மயானத்தில் மாலை வரை கூட்டம், பாட்டு, சாப்பாடு. இரவு கொஞ்சம் தூறியது.

நவம்பர் 3, ஞாயிறு

தெக்கியோ. வீட்டுக்கு ஒருவர் ஊர் வேலைக்குக் கூலி இல்லாமல் வரவேண்டும் என்ற பழைய வழக்கம். மழையில் அடைத்துப்போன ஓடையைத் தூர்வாரினோம். பிளாஸ்டிக்தான் பாதி. தாத்தாவும் மண்வெட்டியோடு வந்துவிட்டார், யார் சொல்லியும் கேட்கவில்லை.

வேலை முடிந்து ஆரஞ்சு உரித்துச் சாப்பிடும்போது பேச்சு தண்ணீர் பக்கம் திரும்பியது. டிசம்பரில் விடுதிகள் நிறையும். மழை நின்று இரண்டு மாதத்தில் கிணறு இறங்கத் தொடங்கும், ஏப்ரலில் லாரித் தண்ணீர்தான். இது, எங்கள் ஊர் சேர்ந்திருக்கிற சாந்தா மரீயா தொனமேக்கா நகராட்சியின் பொதுநிலம். நிலத்தில் யார் கட்டடம் கட்டுவது என்பதைச் சபையில் பேசுகிறார்கள். ஆனால் கட்டிய பிறகு எத்தனை லிட்டர் உறிஞ்சுகிறார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆமைக்குத் தடை வந்தபோது முடிவு எங்கேயோ எடுத்து இங்கே வந்து விழுந்தது. தண்ணீர் விஷயத்திலாவது நாமே முதலில் பேசிவிடுவோம் என்று தாத்தா சொன்னதற்கு, விடுதி நடத்துகிற இரண்டு பேர் உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். எந்தக் கிணற்றில் அளவு பார்ப்பது என்பதில் மட்டும் சண்டை வந்து, முடிவாகவில்லை.

வியாழக்கிழமை கூட்டம். எனக்கு அங்கே வாக்கு கிடையாது. வீட்டுக்காரம்மா போகிறார். எங்கள் தெருவின் ஐந்து கிணறுகளையும் வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அளவுக் கயிற்றில் நாளைக்கே முடிச்சுப் போடவேண்டும்.