ஆரோன் வம்சத்தைத் தேர்வுக்குப் படிக்கும் முறை

பழைய ஏற்பாட்டுத் தாளுக்குப் படிக்கும் இறையியல் மாணவர்கள் பெரும்பாலும் வம்சவரலாற்றுப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கினேன். 'ஆசாரியத்துவத்தில் (பலி செலுத்தும் குருப் பணியில்) வம்சத்தின் இடத்தை ஆராய்க' என்ற கேள்விக்கு அது நன்றாகவே கைகொடுத்தது.

முதலில் ஒரு முழுத்தாளில், இஸ்ரவேலில் ஆராதனைப் பணிக்குரிய கோத்திரத்தின் தகப்பனான லேவியின் மூன்று குமாரரையும் எழுதிக்கொள்ளுங்கள்: கெர்சோன், கோகாத், மெராரி. கோகாத்தின் கிளையில் அம்ராம். அவனுக்கு ஆரோனும் மோசேயும். பலிபீடப் பணி ஆரோன் வீட்டாருக்கே உரியது. மற்ற லேவியர் ஆராதனைக் கூடாரத்தைச் சுமந்தார்கள், காவல் காத்தார்கள். ஆசாரியரையும் லேவியரையும் ஒன்றாகக் குழப்பினால் விடை முழுவதும் ஆட்டம் காணும். ஆரோனை எதிர்த்த கோராகும் கோகாத்தியன்தான். அவனுடைய கலகம் பங்காளிச் சண்டை என்பது படம் வரைந்தவுடன் புரியும்.

பிறகு கிளை முறியும் இடங்களைச் சிவப்பு மையால் குறியுங்கள். மதிப்பெண் அங்கேதான் கிடக்கிறது. ஆரோனின் குமாரரான நாதாபும் அபியூவும் கர்த்தர் கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து பிள்ளையில்லாமல் மாண்டார்கள். மிஞ்சியவை மற்ற இரு குமாரரான எலெயாசார், இத்தாமார் கிளைகள். பின்னாளில் ஆசாரியனாயிருந்த ஏலி இத்தாமார் வழி வந்தவன். 'என்றைக்கும்' என்று அவன் வீட்டுக்குச் சொல்லப்பட்ட வாக்கே 1 சாமுவேல் 2:30இல் திரும்பப் பெறப்படுகிறது. இந்த வசனத்தை மனப்பாடம் செய்யுங்கள். அந்தத் தீர்ப்பு 1 இராஜாக்கள் 2இல் நிறைவேறுகிறது. சாலொமோன் ராஜா ஏலி வழிவந்த ஆசாரியன் அபியத்தாரை ஆனதோத் ஊருக்குத் துரத்திவிட்டு, எலெயாசார் வழிவந்த சாதோக்கை அமர்த்துகிறான். பலர் இதைத் தீர்க்கதரிசன நிறைவேற்றம் என்று எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். அபியத்தார், அரியணைக்குச் சாலொமோனோடு போட்டியிட்ட அதோனியாவின் கட்சி என்பதையும் சேருங்கள். வேதாகமமே மறைக்காத அரசியலை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

எஸ்றா 2:61-63 எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களில் அபாயா, கோசு, பர்சிலாய் வீட்டார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். கர்த்தரின் சித்தத்தை அறிய உதவும் ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதை (ஆசாரியருக்குரிய பலி உணவை) புசிக்கவும் தடை. வம்சம் சட்டத் தகுதியாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் காணவில்லை.

எபிரெயர் 7ஐ இதற்குப் பின்பு படியுங்கள். யூதா கோத்திரத்தில் பிறந்த இயேசுவுக்கு ஆசாரியத்துவம் எப்படி வந்தது என்ற சிக்கலை, வம்சவரலாறே சொல்லப்படாத, ஆபிரகாம் காலத்து ஆசாரியன் மெல்கிசேதேக்கையும், 'மெல்கிசேதேக்கின் முறைமையின்படி' என்றென்றைக்கும் ஆசாரியர் என்று சொல்லும் சங்கீதம் 110:4ஐயும் கொண்டு அந்த ஆசிரியர் அவிழ்க்கிறார். எஸ்றாவைப் படித்தவருக்கே அந்த வாதத்தின் துணிச்சல் உறைக்கும்.

தலைமைத்துவம் பற்றியும் கேட்டிருந்தால், பரிதானம் (லஞ்சம்) வாங்கிய, தீர்க்கதரிசி சாமுவேலின் குமாரரை ஒரு பத்தியில் எழுதுங்கள். அவர்களைக் காரணம் காட்டித்தான் இஸ்ரவேலின் மூப்பர்கள் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டார்கள்.