எந்தப் பொத்தான் எதை மாற்றுகிறது?

ஃபில்டர், கேபிள் போன்றவற்றில் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்னல் எவ்வளவு கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் நெட்வொர்க் அனலைசர் முன் முதல் தடவை உட்காருகிறவர்கள் அதன் முகப்பில் இருக்கும் பொத்தான்களின் கூட்டத்தைப் பார்த்தே மிரண்டுவிடுகிறார்கள். கூட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. அவற்றில் சில, அளவீட்டையே மாற்றுபவை. சில, அளந்து முடித்ததைத் திரையில் காட்டும் விதத்தை மட்டும் மாற்றுபவை. எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் அழுத்தும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

நான் அதிகம் புழங்கியது எச்பி 8753 வரிசைக் கருவிகளில். எச்பியின் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலண்ட் ஆனது, 2014இல் கீசைட் ஆனது, தொடுதிரையும் வந்துவிட்டது. ஆனால் ஸ்டார்ட், ஸ்டாப், மார்க்கர், ஸ்கேல், கேல் (அளவீட்டின் பிழைகளைத் திருத்தும் கேலிபரேஷன்) என்ற அடிப்படை அமைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஒரு கையில் ஸ்க்ரூடிரைவர், பார்வை ஃபில்டர் மேல் என்று வேலை செய்பவருக்கு, தடவிப் பார்த்தே கண்டுபிடிக்க முடிகிற பொத்தான்தான் வசதி. தொடுதிரையில் அது நடக்காது என்பது என் பழைய புலம்பல்.

எண்ணை உள்ளே கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். தொடக்க அதிர்வெண்ணுக்கான ஸ்டார்ட்டை அழுத்தி 2, புள்ளி, 4 என்று தட்டினால் மட்டும் எதுவும் ஆகாது. பக்கத்தில் இருக்கும் அலகுப் பொத்தானை அழுத்தியாக வேண்டும். அதுதான் அங்கே என்டர். ஒரே பொத்தானில் ‘ஜி’யும் ‘என்’னும் இருக்கும்: அதிர்வெண் கேட்கும்போது அது கிகா, நேரம் கேட்கும்போது நானோ. டெசிபலுக்குக் கடைசிப் பொத்தானான ‘எக்ஸ்1’. அலகை அழுத்தாமல் வேறு பொத்தானுக்குப் போய்விட்டால், தட்டிய எண் காற்றோடு போச்சு.

இதைவிடச் சிக்கலானது அந்த வட்டக் குமிழ். கடைசியாக எந்த அமைப்பைத் தொட்டீர்களோ, குமிழ் அதன் வசத்திலேயே இருக்கும். ஸ்டார்ட் அதிர்வெண்ணைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டால், கேபிளை எடுக்கும்போது கை பட்டாலும் அதிர்வெண் நகர்ந்துவிடும். திரையின் ஓரத்தில் ‘கார்’ (கேலிபரேஷன் திருத்தம் நடக்கிறது) என்று இருந்த குறி ‘சி?’ என்று மாறும், இல்லாவிட்டால் காணாமலே போகும். முன்னது, கேலிபரேஷன் செய்த புள்ளிகள் இப்போதைய புள்ளிகளோடு பொருந்தவில்லை, இடையில் கணித்துப் போடுகிறேன் என்று கருவி சொல்வது. பின்னது, திருத்தமே நின்றுவிட்டது என்பது. இதற்குத்தான் ‘என்ட்ரி ஆஃப்’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒவ்வொரு எண்ணைக் கொடுத்த பிறகும் அதை அழுத்துவார். அப்போது வேண்டாத வேலையாகத் தெரிந்தது.

ஆவரேஜ் பொத்தான்தான் எனக்குப் பிடித்த வம்பு. அதற்குள் ஆவரேஜிங், ஸ்மூத்திங், ஐஎஃப் பேண்ட்வித் மூன்றும் ஒரே மெனுவில் இருக்கும். மூன்றுமே கோட்டை அழகாக்கும். அதனால் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஐஎஃப் பேண்ட்வித் ரிசீவரின் வடிகட்டியையே சுருக்குகிறது: 3 கிலோஹெர்ட்ஸிலிருந்து 300 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் இரைச்சல் தளம் 10 டெசிபல் கீழே போகும், ஸ்வீப் (அதிர்வெண்களை வரிசையாகக் கடக்கும் ஓட்டம்) அதற்கேற்ப மெதுவாகும். ஆவரேஜிங் ஒவ்வொரு புள்ளியையும் பல ஸ்வீப்களுக்குச் சராசரி எடுக்கிறது. ஸ்மூத்திங் மட்டும் வேறு சாதி. அது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து கொடுக்கிறது. ஒரு முறை, புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் ஒரு ஃபில்டரின் பாஸ்பேண்டை, அதாவது அது கடக்கவிடும் அதிர்வெண் பகுதியை, காட்டினார். துணியை இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. ஸ்மூத்திங்கை அணைத்ததும் நடுவில் ஒரு குறுகலான பள்ளம் எழுந்து நின்றது. பெட்டிக்குள் ஏதோ ஒத்ததிர்வு. அந்தப் பள்ளம் அளவீட்டில் முதலிலிருந்தே இருந்தது, திரைக்குத்தான் வரவில்லை.

ஃபில்டர் ட்யூன் செய்யும்போது ஆவரேஜிங்கும் கூடாது. திருகைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் கோடு சோம்பேறித்தனமாகப் பின்னால் வரும். அது வந்து சேர்வதற்குள் கை இன்னும் கொஞ்சம் திருப்பியிருக்கும். அந்த வேலைக்கு ஐஎஃப் பேண்ட்வித்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதே உத்தமம்.

நீளமான கேபிளை அளக்கும்போது இன்னொரு விசித்திரம். ஸ்வீப் வேகமாக ஓடினால், சிக்னல் கேபிளைக் கடந்து வருவதற்குள் சோர்ஸ் அடுத்த அதிர்வெண்ணுக்கு நகர்ந்திருக்கும். தாமதமாக வரும் சிக்னல் ஐஎஃப் வடிகட்டியின் ஓரத்தில் விழும். கேபிளில் இழப்பு அதிகம் என்று திரை சொல்லும். ஸ்வீப் டைமைக் கூட்டிப் பாருங்கள். கோடு மேலே ஏறினால் இழப்பு கேபிளில் இல்லை.

ஸ்கேல் பொத்தானைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கட்டத்துக்கு 10 டெசிபல் என்று இருப்பதை 0.1 ஆக்கினால் நல்ல கேபிளும் மலைத்தொடர் போலத் தெரியும், அவ்வளவுதான். யாராவது படத்தை நீட்டினால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

சில நேரம் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. கருவி கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். பெரும்பாலும் கணினி ஜிபிஐபி என்ற இணைப்பு வழியாகக் கருவியைப் பிடித்து வைத்திருக்கும். ‘லோக்கல்’ பொத்தானை அழுத்தினால் விடுபடும். புரோகிராம் எழுதியவர் லோக்கல் லாக்அவுட்டும் அனுப்பியிருந்தால் அதுவும் எடுபடாது. கணினியிலிருந்துதான் விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் பவரை அணைத்துப் போட வேண்டும்.

பலர் கை வைக்கும் கருவி என்பதால் நான் ‘ப்ரீசெட்’டில்தான் தொடங்குவேன். முன்பு இருந்தவர் போர்ட் எக்ஸ்டென்ஷனோ (போர்ட்டுக்கு அப்பால் சேர்த்த நீளத்தைக் கழிக்கும் அமைப்பு) ஸ்மூத்திங்கோ போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ப்ரீசெட் திருத்தத்தையும் அணைத்துவிடும். அதனால் கேலிபரேஷன் முடிந்ததும் முதல் வேலை ‘சேவ்’. கேலிபரேஷனில் என்-டைப் கனெக்டர் கிட்டுக்கு ‘எம்’ (ஆண்), ‘எஃப்’ (பெண்) என்று கேட்கும் இடத்தில் நிதானம் வேண்டும்: அந்தக் கருவிகளில் அது டெஸ்ட் போர்ட்டின் பாலினம், கேலிபரேஷனுக்காக மாட்டும், கையில் இருக்கும் ஸ்டாண்டர்டினுடையது அல்ல.

முடித்த பிறகு அந்த ஸ்டாண்டர்டுகளில் ஒன்றான அதே ஷார்ட்டை மாட்டி, பிரதிபலிப்பைக் காட்டும் வட்டப் படமான ஸ்மித் சார்ட்டில் சரியாக உட்காருகிறதே என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. அதை வைத்துத்தானே திருத்தமே கணக்கிடப்பட்டது? ‘எம்’முக்குப் பதில் ‘எஃப்’ கொடுத்திருந்தாலும் அது தன் இடத்தில் போய்த்தான் உட்காரும். கேலிபரேஷனில் சேராத, அளவு ஏற்கனவே தெரிந்த சிக்னலைக் குறைக்கும் ஒரு 20 டெசிபல் அட்டெனுவேட்டரை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அதன் இழப்பும் இரு முனைகளின் பிரதிபலிப்பும் பழைய அளவோடு ஒத்துப்போனால்தான் வேலையைத் தொடங்குவேன். விலகினால் கனெக்டர்களைத் துடைத்து, டார்க் ரெஞ்சால் முறையாக இறுக்கி, மறுபடியும் கேல்.