பழைய ஸ்பிட்ஃபயருக்குப் புதிய செசி: நானுஓயா நாட்குறிப்பு

2024 ஜனவரி 9

தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஐயாவின் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் இன்று மாலையோடு முழுவதும் கழற்றியாகிவிட்டது. உடல் ஒரு பக்கம் மரக்கட்டைகளின் மேலும், செசி என்னும் அடிச்சட்டம் மறுபக்கம் இரும்புத் தாங்கிகளின் மேலும் இருக்கின்றன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டபோது ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் ஐயா வாங்கிய மார்க் 3 வண்டி இது. அதன் 1296 சிசி எஞ்சின் இன்றும் நன்றாக ஓடுகிறது, செசிதான் போய்விட்டது. இந்தப் பக்கத்து மழையும் பனிமூட்டமும் பின்பக்கச் சட்டங்களை உள்ளிருந்தே தின்றிருக்கின்றன. பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்சலைத் தாங்கும் இடத்துக்கு அருகே சுத்தியலால் தட்டியபோது ஓசை செத்து ஒலித்தது. திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினேன். அது கைப்பிடி வரை உள்ளே போக, துரு தேயிலைத் தூள் போலத் தரையில் கொட்டியது.

ஸ்பிட்ஃபயரின் செசி, 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரல்ட் காரின் செசியிலிருந்து பிறந்தது. ஹெரல்டில் இருந்த பக்கச் சட்டங்களை நீக்கி, நடுவே முதுகெலும்பை மட்டும் வைத்து, மீதி வலிமையைக் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளிடம் ஒப்படைத்தார்கள். சில் துருப்பிடித்தால் வண்டியின் நடுப்பகுதியே தளர்ந்துவிடுவது இதனால்தான்.

ஐயாவின் மகன் ரதல்லையிலும் மாகஸ்தோட்டையிலும் நடக்கும் மலையேற்றப் போட்டிகளில் இந்த வண்டியை ஓட்ட விரும்புகிறார். மாகஸ்தோட்டைப் போட்டி 1934இல் தொடங்கியது. அந்த வரிசையில் ஒரு பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆகவே போட்டிக்கென்று புதிய செசியொன்றைச் செய்வது என்றும், பழைய செசியை வெட்டாமல் எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்து, என்றாவது ஒருநாள் வண்டியை அதன் அசல் நிலைக்குத் திருப்பக்கூடியவாறு எல்லாத் துளைகளையும் அதே இடங்களில் அமைப்பது என்றும் முடிவாகியிருக்கிறது.

2024 ஜனவரி 12

பின்பக்கத்தைப் பற்றி இன்று நீண்ட நேரம் பேசினோம். பழைய அமைப்பில் டிபரன்சல் செசியோடு பிணைந்திருக்கும். அதிலிருந்து இரு பக்கமும் போகும் அக்சில்கள் உள்முனையிலுள்ள யுனிவர்சல் ஜொயின்டில் மட்டுமே மடங்கும். டிபரன்சலின் தலையில் குறுக்காகப் படுத்திருக்கும் பட்டை ஸ்பிரிங் இரு சக்கரங்களையும் தாங்கும். சக்கரம் அக்சிலுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்பதால், அது மேலே போனாலும் கீழே வந்தாலும் சாய்ந்துகொண்டே இருக்கும். மடங்கும் இடத்திலிருந்து டயர் தரையைத் தொடும் இடம் வரை சுமார் 500 மில்லிமீற்றர். ஆகவே சக்கரம் 25 மில்லிமீற்றர் அசைந்தால் கம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, கிட்டத்தட்ட 3 பாகை மாறிவிடும்.

ஆபத்து அதோடு நிற்பதில்லை. வளைவில் வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாயும் மையம், இந்த அமைப்பில், எங்கள் அளவுகளின்படி, தரையிலிருந்து 350 மில்லிமீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது. வளைவில் டயர் தரும் பக்கவிசை அந்த உயரமான மையத்தினூடாகப் போய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. தூக்கத் தூக்க வெளிச்சக்கரம் உள்ளே மடிகிறது. மடிந்த டயர் விளிம்பில் நிற்கிறது. வளைவின் நடுவில் பயந்து எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் இன்னும் எழும்பி, வண்டி சுழன்றுவிடும். கொண்டை ஊசி வளைவுகளாகவே இருக்கும் நம் பாதைகளில் இதைவிடப் பொருந்தாத அமைப்பைத் தேடிப் பிடிப்பது கடினம்.

1970இல் வந்த மார்க் 4இல் ட்ரையம்ப் நிறுவனமே பட்டை ஸ்பிரிங்கை நடுவில் சுழல விட்டு இந்தத் தூக்கலைப் பெரிதும் அடக்கியது. அதற்கு முன்பே, 1968இல், ஸ்பிட்ஃபயரின் உடன்பிறப்பான ஜீடி6 மார்க் 2க்குக் கீழ்ப்பக்க விஷ்போனும் (சக்கரத்தைச் செசியோடு இணைக்கும் கவட்டை வடிவக் கை) ரப்பர் இணைப்பும் கொடுத்தார்கள். மார்க் 4இன் ஸ்பிரிங்கைப் போட்டால் போதாதா என்று ஐயா கேட்டார். வீதியில் ஓட்டும் வண்டிக்கு அதுவே போதும். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் புதிதாக ஒரு செசியே செய்யும்போது, பின்பக்கத்தை மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டை விஷ்போனாக அமைப்பதற்குத் தடையேதும் இல்லை.

முன்பக்கத்தைத் தொடப்போவதில்லை. அங்கே ஆரம்பத்திலிருந்தே இரட்டை விஷ்போனும் கொயில் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அதோடு, சுமார் 7.3 மீற்றர் வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பக்கூடிய அந்த ஸ்டியரிங், மலைப்பாதைக்கென்றே செய்ததைப் போன்றது.

2024 ஜனவரி 18

தைப்பொங்கல் விடுமுறை முடிந்து வேலை தொடங்கியது. பல இடங்களில் முதலில் குழாய்களை ஒட்டிச் சட்டத்தைச் செய்துவிட்டு, பிறகு சஸ்பென்ஷனை அதில் எங்கே தொங்கவிடலாம் என்று பார்க்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து தொடங்கி, விஷ்போன்களின் புள்ளிகளைத் தீர்மானித்து, அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்பதற்காக மட்டுமே குழாய்களைப் போட வேண்டும்.

எட்டடி ஒட்டுப்பலகையைச் சுவரில் அறைந்து, பின்பக்கத்தை முழு அளவில் வரைந்தேன். சக்கரங்களுக்கிடையிலான அகலம் அசலைப் போலவே 1219 மில்லிமீற்றர். முன் பின் அக்சில்களுக்கிடையே 2108 மில்லிமீற்றர். மேல் கையும் கீழ் கையும் நீட்டப்படும்போது சந்திக்கும் இடம், டயரின் தொடுபுள்ளியிலிருந்து 1500 மில்லிமீற்றர் உள்ளேயும் தரையிலிருந்து 200 மில்லிமீற்றர் உயரத்திலும் அமையும்படி நைலோன் நூலைக் கட்டி ஆணிகளை நகர்த்தினேன். சாயும் மையம் இப்போது தரையிலிருந்து 81 மில்லிமீற்றரில் வருகிறது. தூக்கும் விசை ஏறத்தாழ இல்லாமற் போகும்.

வளைவில் உடல் 3 பாகை சாய்ந்தால், அதில் 1.2 பாகையை இந்தக் கைகளே மீட்டுத் தருகின்றன. எஞ்சும் 1.8 பாகைக்காக, நிற்கும்போதே சக்கரத்தின் தலையை 1.5 பாகை உள்ளே சாய்த்து வைப்பேன். வெளிச்சக்கரம் வளைவில் தரைக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். கைகள் சந்திக்கும் இடத்தைச் சக்கரத்துக்கு இன்னும் அருகே கொண்டுவந்தால் கம்பர் மீட்பு கூடும். ஆனால் மேடுபள்ளத்தில் நேராகப் பிரேக் பிடிக்கும்போது டயர் முழுமையாகப் பதியாது. நம் பாதைகளில் பள்ளங்களே அதிகம் என்பதால் இந்த நடுநிலையில் நிறுத்திக்கொண்டேன்.

2024 ஜனவரி 23

பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் டொயோட்டா கொரோல்லா ஒன்றின் முன்சக்கர ஹப்புகள் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகங்கள்), பேரிங், டிரைவ் ஷாப்ட் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தன. முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டியின் ஹப்பில் ஷாப்ட் நுழைவதற்குப் பற்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருப்பதால், பின்சக்கரத்தை இயக்குவதற்கும் அது அப்படியே உதவும்.

2024 பெப்ரவரி 2

கராஜின் தரை சமமில்லை. ஆகவே இரண்டு கனத்த ஐ வடிவ இரும்புகளைப் படுக்கப் போட்டு, தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, தகடுகளைச் சொருகி, ஒரு மேசையாக்கிக்கொண்டோம். உடலின் போல்ட் துளைகளும், முன்பக்கமாகத் திறக்கும் பொனெட்டின் கீல்களும் பழைய செசியிலிருந்து தூக்குநூலால் இந்த மேசைக்கு இறக்கப்பட்டுக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

கீழ்ச் சட்டங்கள் 50×50×3 மில்லிமீற்றர் சதுரக் குழாய். மீற்றருக்குச் சுமார் 4.3 கிலோகிராம். நடுச் சுரங்கமும் (இருக்கைகளுக்கு நடுவே ஓடும் குழாய்க் கூடு) மூலைவிட்டங்களும் 40 மில்லிமீற்றர் குழாயில் வருகின்றன. காலைப் பனியில் இரும்பின் மேல் ஈரம் படிந்துவிடுகிறது. புல்வெளியில் உறைபனி விழும் மாதம் இது. அந்த ஈரத்தின் மேல் ஒட்டினால் ஒட்டுக்குள் நுண்துளைகள் விழும். எனவே ஒவ்வொரு மூட்டையும் தேய்த்து, தீச்சுவாலையால் மெதுவாகச் சூடாக்கி, ஈரம் போன பிறகே என்னோடு வேலை செய்யும் தம்பி கையில் வெல்டிங் டோர்ச்சைக் கொடுக்கிறேன்.

முதலில் எல்லா மூட்டுகளிலும் சிறு ஒட்டுகளாகப் பொட்டு வைத்தோம். பிறகு இடப்பக்கம் ஓர் ஒட்டு, உடனே வலப்பக்கம் அதே இடத்தில் ஓர் ஒட்டு, அடுத்து பின்முனை என்று மாறி மாறிப் போகிறோம். சூடான ஒட்டு ஆறும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு ஒரே பக்கம் சேர்ந்தால் எவ்வளவு நல்ல மேசையும் உதவாது.

2024 பெப்ரவரி 16

சட்டத்தின் முறுக்குறுதியை இன்று அளந்தோம். பின்பக்க விஷ்போன் புள்ளிகளை மேசையோடு போல்ட் போட்டு இறுக்கினோம். முன்பக்க நடுவில் மட்டும் ஒரு தாங்கியை வைத்து, குறுக்காக ஒரு நீண்ட இரும்பைக் கட்டி, மையத்திலிருந்து ஒரு மீற்றர் தள்ளி 100 கிலோகிராம் தொங்கவிட்டோம். அது 981 நியூற்றன் மீற்றர் முறுக்கு. மூலைவிட்டங்கள் இல்லாமல் முன்முனை 0.9 பாகை முறுகியது.

கதவுகளுக்கு நடுவே வரும் சுரங்கத்தின் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு மூலைவிட்டத்தைப் பொட்டு வைத்து மீண்டும் அளந்தபோது 0.4 பாகை. அதாவது ஒரு பாகைக்குச் சுமார் 1090 நியூற்றன் மீற்றராக இருந்த உறுதி 2450 ஆக உயர்ந்துவிட்டது. கூடிய எடையோ ஒரு சாக்கு மாவுக்கும் குறைவு. நான்கு பக்கமும் கொண்ட சதுரம் மூலைகளில் மடங்கி நசுங்கும். முக்கோணத்தில் ஏதாவது ஒரு குழாய் நீண்டாலோ குறுகினாலோ அன்றி வடிவம் மாறாது. தம்பி அளவுகோலின் முள்ளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னும் ரெண்டு போட்டா இன்னும் குறையுமா?" என்று கேட்டார். குறையும், ஆனால் ஓட்டுபவரின் முழங்கைக்கும் கியர் லீவருக்கும் இடம் வேண்டும்.

இந்த உறுதி எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எழுதிவைக்கிறேன். ஈரமான, மேடுபள்ளமான மலைப்பாதையில் டயர் தரையை விடாமல் பிடிக்க, ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். செசி தளர்ந்திருந்தால் அதுவே இன்னொரு ஸ்பிரிங்காகிவிடும். அதற்கு ஷொக் அப்சோபரும் கிடையாது, அதன் அசைவை யாராலும் சரிசெய்யவும் முடியாது. சட்டம் விறைப்பாக இருந்தால்தான் ஸ்பிரிங்கை மென்மையாக வைக்கத் துணியலாம். போட்டி வண்டி என்றாலே கல்லுப் போன்ற ஸ்பிரிங் என்று நினைப்பவர்கள் பலர். மலைநாட்டில் அது வண்டியைத் துள்ளவைத்து நேரத்தைத்தான் வீணாக்கும்.

2024 மார்ச் 1

லேத் பட்டறை அண்ணன் பேரிங் உட்காரும் வளையங்களைக் கடைந்து தந்துவிட்டார். தோட்டத் தொழிற்சாலையின் ரோலர்களுக்கு ஆயுள் முழுவதும் உதிரிப்பாகம் கடைந்த கை அது. வளையத்தைச் சுற்றி 5 மில்லிமீற்றர் தகடுகளைப் பெட்டியாக ஒட்டி, சக்கரத் தாங்கிகளைச் செய்தோம். ஒட்டும்போது வளையம் நீள்வட்டமாகிவிடும் என்பதால், உள்விட்டத்தில் சற்று இரும்பை விட்டுவைத்து, ஒட்டி முடித்த பிறகே கடைசிக் கடைசல் நடந்தது.

கொரோல்லாவின் சக்கர போல்ட்டுகள் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் இருக்கின்றன, ஸ்பிட்ஃபயருக்கு 95.25. முன்னும் பின்னும் ஒரே சக்கரம் பொருந்த வேண்டும் என்பதால், பழைய துளைகளுக்கு நடுவே 45 பாகை தள்ளி, சிறிய வட்டத்தில் நான்கு புதிய துளைகளை அண்ணன் இட்டார். டிபரன்சல் பக்கத்துக்கு ஓர் இணைப்புத் தகடும் கடைந்தாயிற்று.

விஷ்போன்கள் செசியில் சேரும் இடமெல்லாம் போல்ட்டின் இரு பக்கமும் தகடு இருக்கிறது. ஒரே தகட்டில் தொங்கும் போல்ட் ஒருநாள் வளைந்தே தீரும். கைகளின் உள்முனைகளில் ரப்பர் புஷ்களையே போட்டிருக்கிறேன். கோள மூட்டுகள் துல்லியமானவைதான். ஆனால் நம் சேறும் மழையும் அவற்றைச் சீக்கிரம் தளர்த்திவிடும்.

2024 மார்ச் 14

பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்போது திசை மாறுகிறதா என்று பார்த்தோம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு தட்டையான பலகையைப் பொருத்தி, 250 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு டயல் கேஜ்களை அதன்மேல் முட்டவைத்து, ஜக்கியால் ஹப்பை மெல்ல உயர்த்தினோம். 50 மில்லிமீற்றர் உயரத்தில் முன் கேஜுக்கும் பின் கேஜுக்கும் 0.9 மில்லிமீற்றர் வித்தியாசம். சக்கரத்தின் மூக்கு வெளியே திரும்புகிறது.

சிறிய அளவுதான், ஆனால் திசை தவறானது. வளைவில் அழுந்தும் வெளிப் பின்சக்கரம் மூக்கை வெளியே திருப்பினால், நாம் ஒழிக்க நினைத்த அதே சுழற்சி வேறு வழியால் வந்துவிடும். சக்கரத்தின் திசையைப் பிடித்து வைத்திருக்கும் திசைக்கோலின் உள்முனைக்குக் கீழே வாஷர்களை மாற்றி 3 மில்லிமீற்றர் நகர்த்தியதும், மேலும் கீழும் 50 மில்லிமீற்றர் தூரம் முழுவதிலும் வித்தியாசம் 0.1க்குள் அடங்கியது. இந்த அளவீட்டுக்குப் பொறுமையாக ஒரு பகல் செலவழிக்காதவர்கள் பின் விஷ்போனைச் செய்யாமலிருப்பதே நல்லது.

2024 மார்ச் 27

உடல் ஏறிவிட்டது. துளைகள் எல்லாம் நேராக உட்கார்ந்தன. தோட்டத்திலிருந்து இரவலாக வந்த மேடைத் தராசில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி, மற்ற மூன்றின் கீழும் அதே உயரத்துக்குப் பலகை போட்டு எடை பார்த்தோம். ஓட்டுபவரோடு சேர்த்து, ஒவ்வொரு பின் ஸ்பிரிங்கும் தாங்க வேண்டிய எடை சுமார் 170 கிலோகிராம். நொடிக்கு ஒன்றரை முறை ஆடும் மென்மை வேண்டுமென்றால், சக்கரத்தில் மில்லிமீற்றருக்கு 15 நியூற்றன் உறுதி தேவை. ஸ்பிரிங்கின் அசைவு சக்கரத்தின் அசைவில் பத்தில் ஏழு பங்கு என்பதால், அதன் வர்க்கத்தால் வகுத்தால் 31 நியூற்றன் வருகிறது. கையிலிருந்த ஜோடி அதற்கு மிக அருகில் இருந்தது.

2024 ஏப்ரல் 3

தோட்டத்து உள்வீதியில், அனுமதி பெற்று, ஐயாவின் மகன் வண்டியை ஓட்டினார். தூறல் இருந்தது. ஏற்றத்தின் இரண்டாவது வளைவில் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன். பின்பக்கம் எழும்பவில்லை; மூக்கு சற்று உள்ளே வந்து, வண்டி தன் கோட்டிலேயே நின்றது. இறங்கி வந்தவரிடம் ஐயா, "பின்னால தூக்குச்சா தம்பி?" என்று கேட்டார். "இல்லப்பா, ஆனா நேர்ல கொஞ்சம் அலையுது" என்றார் மகன்.

பின் டயர்களில் சுண்ணக்கட்டியால் போட்ட குறுக்குக் கோடுகள் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை சீராக அழிந்திருந்தன. ஆகவே கம்பரில் கை வைக்கவில்லை. நேர்ப்பாதை அலைச்சலுக்காகப் பின்சக்கரங்களின் உள்நோக்கிய திசையை 1 மில்லிமீற்றரிலிருந்து 2 ஆகக் கூட்டி, ஷொக் அப்சோபரின் திரும்பும் வேகத்தை ஒரு படி இறுக்கினேன். இரண்டாம் முறை கீழிருந்து மேல்வரை போய்வந்தபின் அலைச்சல் பற்றிய பேச்சு எழவில்லை. நாளை பிரேக் குழாய்களையும் பெற்றோல் குழாயையும் கழற்றி, செசியைத் தனியாக இறக்கி, ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபின் பெயின்ட் வேலையைத் தொடங்க வேண்டும்.