செவுத்துல பென்சில் கோடு

மார்ச் 4
இடது மார்புல கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சு, கக்கத்து நெறிக்கட்டியும் எடுத்தாச்சு. உள்ள ஊர்ற தண்ணி வடிய டிரெயின்னு ஒரு குழாய், நுனியில பை. இன்னிக்கு அதுல 60 மில்லி. நேத்து 75.

மார்ச் 5
பிசியோ பொண்ணு வந்தா. தலகாணி மேல கைய வெச்சு நெஞ்சுக்கு மேல இருக்கற மாதிரி பாத்துக்கணுமாம், விரல மூடி மூடித் திறக்கணுமாம், முழங்கைய மடக்கி நீட்டணுமாம். இதெல்லாம் ஒரு எக்சர்சைஸான்னு மனசுக்குள்ள சிரிச்சேன், பதினஞ்சாவது தடவையிலயே வேர்த்து ஊத்திடுச்சு. டிரெயின் எடுக்கற வரைக்கும் தோளுக்கு மேல கை போகக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னா. போன்னு சொன்னா மட்டும் போயிடப் போகுதா.

மார்ச் 8
45. கக்கத்துக்குக் கீழ, கையோட உள்பக்கம் தொட்டா என் தோல் மாதிரியே இல்ல. நெறிக்கட்டி எடுக்கும்போது அந்த வழியா போற நரம்பும் அடிபடுமாம். சோப்பு போடறப்போ வேற யாரோட கையையோ கழுவற மாதிரி இருக்கு.

மார்ச் 11
28. நேத்து 29. முப்பதுக்குள்ள ரெண்டு நாள்!

மார்ச் 12
குழாய் போச்சு. பைய தூக்காம பாத்ரூம் போனேன், அதுக்கே அழுதேன்.

மார்ச் 13
செவுரு ஏற ஆரம்பிச்சாச்சு. செவுத்தப் பாத்து நின்னு விரல்களால எட்டுக்கால் பூச்சி மாதிரி மெல்ல மெல்ல மேல ஏறணும், இழுக்கற இடத்துல நிக்கணும், இழுக்கலாம் ஆனா வலிக்கக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கன்னுதான் தெரியல. மூச்ச வேற புடிச்சுக்கறேன், அது தப்பாம். மொதல்ல வலது கை ஏறின இடத்துல பென்சில்ல ஒரு கோடு, அப்புறம் இடது. நடுவுல ஒரு சாணும் நாலு விரலும். கண்ணாடில பாத்தா தோள் காது வரைக்கும் ஏறி நிக்குது, அதாவது அந்தக் கோடே திருட்டுக் கோடு. தோள எறக்கிட்டு மறுபடி ஏறினேன். இன்னும் ரெண்டு விரல் கம்மி.

மார்ச் 15
அதே கோடு.

மார்ச் 17
கோட்டுக்குக் கீழ!! கக்கத்துலேர்ந்து முழங்கை வரைக்கும் தோலுக்கு அடியில கம்பி ஒண்ணு ஓடுது, கைய நீட்டினா வெறப்பா எழும்புது. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தேன். திரும்ப வந்துடுச்சோ. அவர எழுப்பல.

மார்ச் 18
பிசியோ பொண்ணுகிட்ட காட்டினேன். இந்தக் கம்பிக்குப் பேரு கார்டிங்காம். நெறிக்கட்டி எடுத்தவங்களுக்கு வர்றதுதானாம், பெரும்பாலும் தானே போயிடுமாம், பயந்து நீட்டறத நிறுத்திடாதீங்கன்னா. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?

மார்ச் 21
ரேடியேஷனுக்கு அளவெடுக்கற ஸ்கேன் ஏப்ரல் 2. கைய தலைக்கு மேல வெச்சு ஆடாம படுத்திருக்கணும். இன்னிக்கு 21.

மார்ச் 22
மாப் குச்சிய ரெண்டு கையாலயும் புடிச்சுப் படுத்துக்கிட்டு வலது கைதான் இடது கைய மேல தள்ளிக்கிட்டுப் போகணும். சுடுதண்ணில குளிச்சதும் செஞ்சா கொஞ்சம் எளகுது. ஏழு தடவ. ஏப்ரல் 2.

மார்ச் 25
அவர் செவுரு அழுக்கா இருக்குன்னு தொடச்சுட்டார். எல்லாக் கோடும். நான் கத்தின கத்துல அவர் பாவம், ஈரத்துணியோடயே நின்னார். அப்புறம் பென்சிலக் கொண்டு வந்து, எங்க இருந்துச்சு சொல்லு போட்டுத் தரேங்கறார். எங்கன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்.

மார்ச் 26
புதுக் கோடு. பழசுக்கு மேலயா கீழயா, தெரியாது.

மார்ச் 29
ஒரு சாண் மட்டும்தான் பாக்கி. ஆறு விரல் போச்சு! தோள் எறங்கித்தான் இருந்துச்சு, கண்ணாடில பாத்துட்டேன்.

மார்ச் 30
நைட்டி கை இடது பக்கம் மட்டும் புடிக்குதோ? கை வீங்குதோ? நேத்து இப்படி இல்ல. ரெண்டு கையையும் டேப் வெச்சு அளக்கணும். டேப் எங்க வெச்சேன்